வெளியே கொண்டுபோகக் கூடாது

கன்னங்குறிச்சி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் என் கடை.
ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங்.
ஷட்டரைத் தூக்கினால் எதிரே சேர்வராயன் மலை,
மேல்பாதி மேகத்துக்குள்,
சரியாக ஒட்டாத லாமினேஷன் மாதிரி.

ஆடி பிறந்த வாரம். ஒரே மேஜையில் இரண்டு வேலை.

மெர்லின் டயானாவின் ஆய்வேடு, எம்.ஏ. வரலாறு,
நாற்பத்தெட்டுப் பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கிரேக்கர்களின் மாதங்களும் திருவிழாக்களும்.
பிறை தெரிந்தால் ஒன்றாம் தேதி.
கடைசிப் பத்து நாளைத் தலைகீழாக எண்ணுவார்கள்,
சம்பளத்துக்குக் காத்திருப்பவன் எண்ணுவதுபோல.
கமேலியோன் என்றால் கல்யாண மாதம்.
நம்ம தை, என்று ஓரத்தில் பென்சிலில் எழுதி
அழித்துவிட்டேன்.
நிலவின் கணக்கு வெயிலின் கணக்கோடு ஒத்துவராத வருடம்
கடல்சாமியின் மாதத்தை இன்னொரு தடவை நடத்தினார்களாம்:
போஸெய்டியோன், மறுபடி போஸெய்டியோன்.
கடை ஓனர் காதில் விழுந்தால்
இரண்டுக்கும் வாடகை கேட்பார்.

அப்புறம் அர்த்தநாரியின் நோட்டீஸ்.
மலையடிவாரப் புளியமரத்து முனியப்பனுக்குக் கிடாவெட்டு.
பக்கத்தில் நின்று வெற்றிலையோடு சொல்லச் சொல்ல
அடித்தேன்:
ஆண்கள் மட்டும் வரவும்.
சமைத்து அங்கேயே சாப்பிடவும்.
கறியை வெளியே கொண்டுபோகக் கூடாது.

விரல் நின்றது.
காலையில்தான் அடித்தேன் இதே வரியை.

முப்பத்தோராம் பக்கம்.
ஏதென்ஸுக்குக் கிழக்கே எர்கியா என்று ஓர் ஊர்.
வருடத்துத் திருவிழா முழுவதையும் கல்லில் வெட்டி
ஐந்து பத்தி, ஐந்து உபயதாரர்.
நாள், சாமி, இடம், ஆடா பன்றியா,
விலைகூட.
வரிக்கு வரி, வெளியே கொண்டுபோகக் கூடாது,
வெளியே கொண்டுபோகக் கூடாது.
நடுவில் இது:

மான்வேட்டை மாதம், பதினாறாம் நாள்.
செமெலேக்கு ஒரு வெள்ளாடு.
கறியைப் பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும்.
தோல் பூசாரியம்மாவுக்கு.
பத்து திராக்மா.

கிடாவெட்டு அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம்.
அண்ணன் பத்து மணிக்கு வருவான்,
மணிக்கட்டு மயிரில் எண்ணெய் மினுங்க.
ஏப்பத்தை மட்டும்
வெளியே கொண்டுவர அனுமதி.

ப்ரூஃபில் அர்த்தநாரி தேடியது தன் பெயரை.
"இதை இன்னும் ரெண்டு சைஸ் ஏத்துங்க."
ஏற்றினேன்.
முனியப்பனின் மீசையைக் கொஞ்சம் சுருக்கியதில்
அடியில் ஒரு வரிக்கு இடம் கிடைத்தது.
எட்டு பாயிண்ட்.
பெண்கள் பங்கு பெண்களிடம் ஒப்படைக்கப்படும்.
கையெழுத்துப் போட்டார்.
பிங்க் தாள், ஐநூறு காப்பி.

அந்த ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு
கேட்டைத் தட்டினார், கையில் தூக்குப்போசி.
"நோட்டீஸைக் காட்டி ஏரிக்கரையில நிக்கிறாங்க,
அறுபது எழுபது பொம்பளைங்க, பாத்திரத்தோட.
அடிச்சது யாருன்னு இப்பக் கேட்டு என்ன,
அச்சுல வந்துட்டுதே."
வெளியே கொண்டுபோகக் கூடாதே, என்றேன்.
"ஏரிக்கரை வரைக்கும் கோயில்தான்னு
பூசாரி எல்லையைத் தள்ளி வெச்சிட்டாரு."
எங்க வீடு?
"அதையும் சேத்தாச்சு."

மூடியைத் திறந்தேன்.
உப்பு தூக்கல். ஈரல் ஒரு துண்டு இல்லை.
நின்றபடியே இரண்டு விரலால் எடுத்துத் தின்றேன்,
ருசி பார்ப்பவளைப் பார்க்காமல்
அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோல்? என்று கேட்டேன்.

"என்னது?"

தோல்.