ஆறு பிரதிகள்

அறுபத்து நான்கு பக்கம், ஆறு பிரதி.
பக்கத்துக்குப் பத்து காசு.
புனிதவதி எண்ணி வைத்த நோட்டுகளில்
செம்பனை உதிரிப்பழத்தின் எண்ணெய்.

இந்த மதியத்துக்குப் பகாவில்
என் கடையும் எதிரே சீனர் டயர் கடையும்தான் விழித்திருக்கின்றன.
இயந்திரம் தாள்தாளாய்ச் சூடாகத் துப்புகிறது.
வாடிக்கையாளர் தாளைப் படிப்பதில்லை நான்.
படித்தேன்.

மேலே ஒரு பெயர்: சற்குணன், நல்லதம்பி மகன்.
கீழே மூன்று: சிறை அதிகாரி,
தலைமை இயக்குநர், மலேசிய அரசாங்கம்.
நடுவே 'லாவான்'.
தோட்டத்துத் திடலில் பந்தாட்டம் என்றால்
பலகையில் இரண்டு அணிகளுக்கு நடுவே எழுதுவோமே,
அதே சொல்.

பதினெட்டாம் பக்கம்
மருந்து கேட்ட தேதிகள். மொத்தம் பதினேழு.
ஒன்பதாவது, தீபாவளிக்கு முதல் நாள்.
அன்று கடையில் நிற்க இடமில்லை;
முறுக்கு டப்பாக்களுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்குச் சுண்டுவிரல் கறுத்துக்கொண்டிருந்தது.

"இனிப்புநீர் இருக்குன்னு உள்ளே போறப்பவே சொன்னான்"
என்கிறாள், நான் கேட்காமலே.
"கேபிள் திருடினான், இல்லேங்கல.
ஆறு வருஷம்னுதான் தீர்ப்பு.
காலுன்னு யாரும் சொல்லலையே."

சிரம்பானில் தள்ளினார்கள்.
மேல்முறையீட்டிலும் தள்ளினார்கள்.
இனி புத்ராஜெயா, கூட்டரசு நீதிமன்றம்.
அங்கேயும் வழக்கு இல்லை முதலில்,
வழக்கைச் சொல்லலாமா என்று கேட்க ஒரு மனு.
வக்கீல் காசு வாங்கவில்லை.
பஸ்ஸும் போட்டோஸ்டேட்டும் இவள் கணக்கு.

ஐந்தாம் பிரதியில் தாள் சிக்கியது.
பக்கக் கதவைத் திறந்து இழுத்தேன்.
விசிறிபோல் மடிந்து வந்தது ஒரு புகைப்படம்:
இடது முழங்கால், அதற்குக் கீழே
மருத்துவமனை விரிப்பு மட்டும்.
சூடு பிடிக்காத மை
விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"ஜெயிக்குமா அக்கா?"

ஸ்டேப்ளர் முள் தீர்ந்துவிட்டது என்று
உள்ளே போனேன்.

முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.
நாற்பது காசை நான் விட்டேன்,
அவள் விடவில்லை.
இரண்டு இருபது காசு, கண்ணாடி மேல் டக் டக்கென்று.

கெட்ட தாளை நான்காய்க் கிழித்து
பின்பக்கத்தில் பில் எழுதுவது வழக்கம்.
இதைக் கிழிக்கவில்லை.
மூன்று நாளாய் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது.
காற்றாடி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
ஒரு மூலை எழும்புகிறது.