பதின்மூன்றாவது

நிலாவெளி வீதியில் அக்வாவுக்குச் சிவப்பு முக்கோணம் எரிந்தது.
வெள்ளைக்காரச் சோடியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு
உப்புவெளிவரை ஊர்ந்து வந்தேன்.

நஸ்மீர் கையுறை மாட்டி
செம்மஞ்சள் பிளக்கைப் பிடுங்கிப்
பொக்கெற்றில் போட்டுக்கொண்டான்.
"பத்து நிமிசம். ஒண்டுலயும் கை வெக்காதீங்க."

பின்சீற்றுக்குக் கீழே இருபது செல்.
விசிறிக்குள் யார் யாருடையதோ கால்மணல்.
செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு.
மீற்றர் வைத்தால் எல்லாம் ஏழு தசம் எட்டு,
ஒன்றும் குறை சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றிலும்
பழைய ஹெட்லைற் பல்பைத் தொங்கவிட்டான்.
பதின்மூன்றாவது
ஆறுக்கு இறங்கி
ஐந்துக்கு இறங்கி
பல்பு தேத்தண்ணி நிறமானது.

"பாரம் ஏத்தினாத்தான் வாய் திறக்கும்,"
களிம்பை வினாகிரி தொட்டுத் தேய்த்தபடி சொன்னான்.
"லீசிங் இந்த மாசம் கட்டியாச்சா?"

"ஓம், பிரச்சினையில்லை."

பல்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.