வெள்ளி

இது ஓடக் கூடாத வாரம்.
கால்களைச் சும்மா வைத்திரு என்கிறது அட்டவணை.
சும்மா இருப்பது எப்படி என்று மட்டும்
அதில் எங்கும் போடவில்லை.

காலை ஏழுக்கு டோல்மின் சுகாதார நிலையத்தில்
வரிசையாய் முழங்கைகள்.
விறகறுக்கும் கை, பாலாடைக்கட்டி புரட்டும் கை,
முகத்தைச் சுவர்ப்பக்கம் அனுப்பிவிட்டுத்
தனியே என்னிடம் நீளும் ஒரு பெரிய கை.
இறுக்கி மூடுங்கள்.
எறும்பு கடிக்கிற மாதிரிதான்.
ம், இப்போது விடுங்கள்.
நாளுக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்,
நாற்பது பேரும் விட்டுவிடுகிறார்கள்.
நான்தான்
மூடிய கையோடு வீடு திரும்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை இடது முழங்காலில் வலி.
புதனன்று அது வலதுக்குக் குடிபெயர்ந்தது.
"வலிக்கும் ஷிஃப்ட் மாறுமா?" என்கிறான் கோராஸ்த்.
சிமென்ட் ஆலையில் அவனுக்கு இரவு வேலை.
நாங்கள் சந்தித்துக்கொள்வது
வாசற்கதவில்,
சாவியும் பிள்ளையும் கைமாறும் அரை நிமிடம்.

வானிலையைப் பதினோரு முறை பார்த்தேன்.
கர்ன் மலைமேல் அதே சின்ன மேகம்,
அதன் கீழே அதே மூன்று துளி.
விரலால் தேய்த்தும் பார்த்தேன்,
போகவில்லை.

நூற்றிரண்டு கிலோமீட்டர். இருபத்தெட்டு மணி நேரம்.
கட்டாயப் பொருட்களைச் சமையல் மேசையில் பரப்பி
மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
தலைவிளக்கு. மாற்று பேட்டரி. உப்பு மாத்திரை.
மழைச்சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டைக்கூட
வெட்டி எறிந்தேன், இரண்டு கிராம்.
விசிலை எடுத்து ஆய்டா ஊதினாள்.
"பயந்தா ஊதணுமாம்மா?"
தொலைந்தால், என்றேன்.
ரெண்டும் வேறயா என்று அவள் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டு
பாத்திரம் கழுவினேன்.

வியாழனன்று ரத்தம் பகுக்கும் இயந்திரம் படுத்துவிட்டது.
இரண்டு பேர் விடுப்பு.
வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்க மறந்து குடித்தேன்.
இரவு ஒன்பதரைக்கு, வாயில் பற்பசை நுரையோடு,
"நாளைக்கு நாடகம். நான் விடிவெள்ளி."
வீட்டில் அட்டை இல்லை, பசை இல்லை,
எனக்குள்ளும் ஒன்றும் மிச்சமில்லை.
காலையில் பார்ப்போம் என்றேன்.
காலையில் அவளே தயாராய் நின்றாள்,
மார்பில் ஐந்து முனையோடு ஒரு பளபளப்பு.
எங்கிருந்து என்று கேட்பதற்குள்
பஸ் வந்துவிட்டது.

இரவு பத்து மணி.
ஆற்றங்கரைக் கூடாரத்தில் பொருள் சோதனை.
மேசைக்குப் பின்னால் வனக்காவலர் ட்ரேய்ட்ஸ்.
முகத்துக்கு முன் எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.
விசில், சரி. விளக்கு, சரி.
அவசரப் போர்வையை விரித்தார்.
விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

நடுவில், கத்தரி கோணிய இடம் உட்பட,
ஐந்து முனையில் ஓர் ஓட்டை.
அதன் வழியே வெளிச்சம் இறங்கி
என் எண் அட்டைமேல் கிடந்தது.

"குளிர் சரியா இது வழியாத்தான் வரும்," என்றார்.
அழத்தான் தொடங்கினேன்.
பாதி வழியில் அது சிரிப்பாகிவிட்டது.
வரிசையில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்,
எதற்கென்று தெரியாமலே,
எல்லார் கையிலும் அதே நடுக்கம்.
ஆம்புலன்ஸிலிருந்து புதிது ஒன்றை எடுத்து வந்தார்.
கொடுக்கும்போது குனிந்து மெல்ல,
"எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

பயம் போகவில்லை.
அதற்கும் ஓர் எண்ணைக் குத்தி
என்னோடு நிறுத்தினேன், அரை அடி பின்னால்.
ஓட்டைப் போர்வையையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.
அறுபது கிராம் வீண் சுமை.
தராசு வீட்டில் இருக்கிறது.

சோச்சா இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது,
எந்தப் பயிற்சியும் இல்லாமல்.
வெள்ளி முடிய நான்கு நிமிடம்.
வெள்ளி முளைக்க நான்கு மணி நேரம்.
அது முளைக்க வேண்டிய இடத்தை
முதுகில் வைத்திருக்கிறேன்.