ஏழாவது தட்டு

சார்லெருவாவில் மழைகூட
கரி கழுவிய தண்ணீராய்த்தான் இறங்கும்.
மூடிப்போன சலவைக்கடை, அதன் நிலவறை.
சுவரெல்லாம் முட்டை அட்டைகள்,
ஒன்றில் இன்னும் ஓர் இறகு ஒட்டியிருக்கிறது.

லோரிஸ் துளைபோடும் இயந்திரத்தைத்
தகரத்தில் வைத்து அழுத்துகிறான்.
பல் கூசுகிறது.
இதுதான் பல்லவி என்கிறான்.

கபிங்கா இரவெல்லாம்
பொதிக்கிடங்கில் நின்றுவிட்டு வந்தவள்.
மணிக்கு நானூறு பொட்டலம்.
முந்நூற்றுத் தொண்ணூறு ஆனால்
பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
ஸ்கேனரின் 'பீப்'பைக் கைபேசியில் திருடி வந்தாள்.
இரண்டாவது பாட்டுக்கு அதுதான் தாளம்.
அதன்மேல் எதுகையை அடுக்குகிறாள்
பெட்டிமேல் பெட்டியாக,
சரியட்டும் என்றே.

எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது.
நான் ஒயர் பிடிப்பவன், ஒலியை வெட்டி ஒட்டுபவன்.
சிவப்பு விளக்கு எரிந்தால்
சத்தம் உடைகிறது என்று அர்த்தம்.
எரியட்டும் என்றார்கள்.
பதினோரு மாதம் எரியவிட்டேன்.

நான்காவது பாட்டு
கபிங்காவின் அம்மாவுக்கு வீட்டுவசதி அலுவலகம் அனுப்பிய கடிதம்.
ஒரு சொல் மாற்றவில்லை.
'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'
என்பதை அவள் பதினாறு முறை சொல்கிறாள்,
பதினாறாவது முறை அது மொழியாக இல்லை.
கோப்பு எண்ணுக்கு எதுகை வராது.
வரவைத்தாள்.

அப்போதுதான் மேலேயிருந்து இடி.
முதல் மாடி சந்த்ரின்
ஆம்புலன்ஸ் ஓட்டுபவள், பகலில்தான் தூக்கம்.
பூட்ஸ் குதிகாலால் தரையில்
மூன்று.
கொஞ்சம் விட்டு, மூன்று.
லோரிஸ் கையைத் தூக்கி எங்களை அசையாதே என்றான்.
எங்கள் எந்த இயந்திரமும்
அவ்வளவு சரியான இடத்தில் விழுந்ததில்லை.
பிறகு அதையே செய்து பார்த்தோம்
சுத்தியலால், கதவால்,
ஒருமுறை லோரிஸின் தலையால்.
வரவில்லை.
அவள் அடித்ததையே வைத்தோம்.

இருநூறு கேசட்.
நூற்று அறுபத்து மூன்று லோரிஸின் கட்டிலுக்கடியில்.
பிரஸ்ஸல்ஸ் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது,
அதில் 'தலைவலி' இரண்டு முறை.
கபிங்கா அதை வெட்டி அட்டையில் ஒட்டினாள்.

வெளியீட்டன்று முப்பத்தெட்டுப் பேர்.
கடைசியில், கதவோரம்,
பணிச்சீருடையோடு சந்த்ரின்.
நான்காவது பாட்டு வந்தது.
கடிதம் கிழிந்தது, தகரம் அலறியது,
மேலிருந்து மூன்று, மூன்று.
அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

எல்லாரும் போனபின் என்னிடம் வந்தாள்.
பங்கு கேட்பாள் என்று நினைத்தேன்.
"அன்றைக்கு ஏழு தட்டினேன்" என்றாள்.
ஒயரைச் சுருட்டிக்கொண்டே
ஆறுதான் இருக்கிறது என்றேன்.
"ஏழு" என்றாள்.
வாசலில் வண்டியின் வானொலி அவளைக் கூப்பிட்டது, போய்விட்டாள்.

ஏழாவது என்னிடம் இருக்கிறது.
தாளத்துக்குப் பிந்தி,
குதிகாலில்லாமல், உள்ளங்காலால்,
படுத்துக்கொண்டே வைத்தது போல ஒன்று.
கோபமே இல்லை அதில்.
வெட்டியது நான்தான்.