தீங்கற்றது

பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப் பேர்.
தண்ணிக்கு ரெண்டு கழிப்பார்கள், சாக்குக்கு ஒன்று.
என் வயிற்றில் இருந்ததற்குத் தராசும் இல்லை, கழிவும் இல்லை.
அதோடுதான் ஏறினேன்
ஏழாம் நம்பர் மலையில் ஆறு வருஷம்.

"எத்தனை மாசம்?" என்பாள்
பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவள்.
முதலில் மறுத்தேன்.
பிறகு ஒருநாள், கால் கடுத்தபோது,
அஞ்சு என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

இடுப்பில் படங்கு கட்டுவது மழைக்கு என்பார்கள்.
எனக்கு அது மறைப்பு.
உள்ளே மூன்று துணி மடித்து
நிரை நிரையாக நகர்வேன்.
மலையில் கக்கூஸ் கிடையாது.
லயத்துக்குப் போய்வந்தால்
முழுப் பேர் அரைப் பேராகிவிடும்.

டிஸ்பென்சரியில் பனடோல்.
வீட்டில் வெந்தயம்.
சூடு என்றார்கள், செய்வினை என்றார்கள்,
ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு
உடம்பைப் பார்க்கவில்லை என்றார்கள்.
ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றது ஒரு துண்டு.
அந்தத் துண்டோடு நுவரெலியாவுக்குப் போனேன்.

இருட்டறை. வயிற்றில் குளிர்ந்த களி.
மவுசாகலையில் தண்ணீர் வற்றும் மாதங்களில்
மூழ்கிய கோயில் தலைகாட்டுமே,
அப்படித் தெரிந்தது திரையில்.
ஒன்றல்ல, நான்கு.
ஃபைப்ரொயிட் என்றார் டொக்டர்.
நார்க்கட்டி என்றாள் அட்டெண்டன் புஷ்பகாந்தி,
சிங்களத்தை எனக்குத் தமிழாக்குகிறவள்.

ஏன் வந்தது என்று கேட்கச் சொன்னேன்.
டொக்டர் பேனாவை மூடினார்.
"தன்னே நே."
புஷ்பகாந்தி வாய் திறக்குமுன்னே விளங்கிவிட்டது.
தெரியாது.
ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த
முதல் நேர்மையான பதில்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்.
வேரோடு பிடுங்காமல்
கவாத்து வெட்ட முடியாதா என்று கேட்டேன்.
புஷ்பகாந்தி தடுமாறவில்லை,
சிங்களத்தில் அது கப்பாது, பக்கத்து வீட்டுச் சொல்.
டொக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.
கட்டியை மட்டும் வெட்டலாம், திரும்ப முளைக்கலாம்.
ரத்தக்குழாயை அடைத்துக் காயவைக்கலாம், இங்கே வசதி இல்லை.
மாத்திரை உண்டு, நிறுத்தினால் பழையபடி.
உங்களுக்கு எது சரி என்று
அடித்துச் சொல்ல ஆய்வு போதாது, அம்மா.

திரும்பும்போது தலவாக்கலையில் பஸ் நின்றது.
அந்தப் பக்கம்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம்.
இலையில் கொப்புளம் விழுந்தால்
எந்த மழைக்கு விழுந்தது, எந்த மருந்துக்கு அடங்கும்,
எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள்.
தண்டைத் துளைக்கும் வண்டுக்குப் பேர் உண்டு.
செடிக்கு நம்பர் உண்டு.
பொறாமை இல்லை, செடி படுத்தால் எங்கள் அடுப்பும் படுக்கும்.
ஆனாலும்
கொழுந்தெடுக்கிற உடம்புக்கென்று
அங்கே ஒரு பாத்தி,
ஒரு கொப்பி
ஒதுக்கக் கூடாதா?

கடைசியில் எல்லாவற்றையும்தான் எடுத்தார்கள்.
ஒன்றரைக் கிலோ என்றாள் புஷ்பகாந்தி.
போத்தலில் போட்டு அனுப்பினார்களாம்.
நல்லா படிக்கச் சொல்லு என்றேன், மயக்கம் தெளியாமலே.
ரெண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது.
மகன் வாசித்துத் தமிழில் சொன்னான்:
தீங்கற்றது.

தீங்கற்றது.
படங்கை அலசிய பீலித் தண்ணீரே,
நீ சொல்.

மூன்றாவது காம்பராவில் ஜெயரூபி. இருபத்துநாலு வயது.
இப்போதெல்லாம் பெரட்டுக்குக் கடைசியாக வருகிறாள்.
கொடியில் அவள் துணியை
மற்றத் துணிகளுக்கு அடியில் காயப்போடுகிறாள்.
போய்க் கேட்டேன். முதலில் மறுத்தாள்.

பழைய கலண்டரின் முதுகில் கோடு போட்டு எழுதுகிறேன்:
எந்தத் தேதி, எத்தனை நாள், எத்தனை துணி,
எத்தனை அரைப் பேர்.
எங்கள் மூன்று லயத்தில் மட்டும் பதினொரு பேர்.
மேல் டிவிசனுக்கு இன்னும் போகவில்லை.
இது ஆராய்ச்சி இல்லை, தெரியும்.
யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம்.
கூரை ஒழுகும் என்பதால்
பால்மா பேணியில் சுருட்டி வைத்திருக்கிறேன்.