கேள்வி முப்பத்தொன்று

முதலில் கேள்விகளைப் படி என்கிறாள் திலாரம்.
நுகுஸில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்
மணிக்கணக்கில் ஆங்கிலம் விற்கிறவள்,
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
எல்லாச் சொல்லையும் படிக்காதே அக்கா,
உனக்கு வேண்டியது விடை, கதை இல்லை.
பெயரைப் பிடி, ஆண்டைப் பிடி,
'ஆனாலும்' வந்தால் மட்டும் நில்.

அப்படித்தான் படிக்கிறேன்.
மகன் தூங்கிய பிறகு, மெழுகுத்துணி விரித்த மேசையில்,
கைபேசியில் இருபது நிமிடம் வைத்துக்கொண்டு.
பகலெல்லாம் ஆய்வகத்தில்
ஊரார் ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறேன்.
கனடாவிலும் அணுக்கள் அணுக்கள்தான்,
ஆனால் அங்கே போய் எண்ண
எல்லாப் பிரிவிலும் ஏழு வேண்டும்.

முதல் பகுதி: தேனீக்கள் திசையறியும் விதம்.
தேனீயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.
இரண்டாவது: கண்ணாடியின் வரலாறு.
அதுவும் தெரியாது. பதினொன்று.
தெரியாததில் நான் கெட்டிக்காரி.

மூன்றாவதைத் திருப்பினால்
மொய்னாக்.

படம்கூடப் போட்டிருந்தார்கள்.
மணலில் சாய்ந்த கப்பல், துரு, பின்னால் ஒரு ஒட்டகம்.
எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியும்.
பள்ளி முடிந்த அன்று அதன் சுக்கானறையில்
நானும் ஸபர்குலும் ஒரே சிகரெட்டுக்கு
மாறிமாறி இருமினோம்.

நல்ல நடைதான், குறை சொல்ல முடியாது.
கடல் விலகியதைச் சொல்ல நான்கு வினைச்சொற்கள்;
நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.
எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று: போயிற்று.
கடைக்குப் போன ஆளைச் சொல்வதுபோல.

கேள்வி முப்பத்தொன்று.
*கடல் விலகியபின் துறைமுக அலுவலகம்
எதற்கும் பயன்படவில்லை.*
சரி. தவறு. சொல்லப்படவில்லை.

தவறு என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை.
அம்மா அங்கே பதிவாளர்.
தண்ணீர் கண்ணுக்கெட்டாமல் போன பிறகும்
வேலையிலிருந்து யாரும் அவளை நீக்கவில்லை,
மறந்துவிட்டார்களோ என்னவோ.
ஆறு வருடம் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தாள்.
வருகை: இல்லை.
புறப்பாடு: இல்லை.
காற்று: வடகிழக்கு.
சம்பளம் சில மாதம் கோதுமை மாவாக வந்தது.
அந்த மேசைக்கடியில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்,
குளிர்காலத்தில் ஊரிலேயே சூடான இடம் அது.

திலாரம் சிவப்பில் அடித்தாள்.
சரி என்பதுதான் விடை, மூன்றாம் பத்தி, கடைசி வாக்கியம்.
நான் அம்மாவைச் சொன்னேன், மாவைச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டாள், கட்டணம் வாங்குகிறாளே.
பிறகு சொன்னாள்:
தலைக்குள் இருப்பதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வா.
பகுதியில் இருப்பது மட்டும்தான் இருக்கிறது.

அன்றிரவு மறுபடி அதே மூன்றாவது,
மறுபடி இருபது நிமிடம்.
ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் மேல்
அம்மாவின் அழைப்பு வந்து உட்கார்ந்தது.
என்ன செய்கிறாய்?
மொய்னாக் பற்றிப் படிக்கிறேன்.
எதற்கு, உனக்குத்தான் தெரியுமே?
அதுதான் சிக்கல் என்றேன்.
துறைமுகத்தைப் பற்றி எழுதியிருப்பதை
மொழிபெயர்த்துச் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
தேநீர் உறிஞ்சும் சத்தம்.
ஊர் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள்?
பார்த்தேன். முதல் வரியில் ஒருவிதம்,
படத்தின் கீழே இன்னொரு விதம்.
பதிவேடு என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றாள்,
எங்கள் அலுவலகத்தில் இதை விட்டிருக்கமாட்டேன்.
அதைக் கண்டுபிடித்ததற்கு உனக்கு மதிப்பெண் உண்டா?
அப்படி ஒரு கேள்வி இல்லையம்மா.

வைத்துவிட்டாள்.
ஆறு நிமிடம் மிச்சம்.
சரி என்று எழுதினேன், பென்சிலில், லேசாக.
முப்பத்திரண்டு: கோடிட்ட இடத்தை
இரண்டு சொற்களுக்கு மிகாமல் நிரப்புக.