மரியாதைக்கு விடுமுறை

டிசம்பரில் ஒரு ஞாயிறு
எங்கள் ஊரில் மரியாதைக்கு விடுமுறை.

ஒன்பது பேர் வெள்ளை உடுத்து
நீள்மூக்கு முகமூடி மாட்டி
தெங்கூ என்னும் மலைப்பூதங்களாய்
வரிசையில் ஏறுவோம்.
வழியில் பதினோரு சிறு கோயில்கள்,
கோயிலுக்கு ஒரு படையல்.
ஊர் கூடி எங்களைத் திட்டும்.
நாங்கள் வாய் திறக்கக் கூடாது.
அவ்வளவுதான் சடங்கு.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில்
மீட்டர் பார்ப்பவன் நான்.
நாளொன்றுக்கு நாற்பது வாசலில் குனிந்து
"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" சொல்லிச் சொல்லி
பின்கழுத்தில் ஒரு மடிப்பே விழுந்துவிட்டது.

முதல் கோயிலில் பல்மருத்துவர் தொடங்கிவைத்தார்:
"மடையா!"
சில்லறையை இரு கைகளால் நீட்டும்
வங்கிக் காசாளர்ப் பெண்
"மூக்கு நீண்ட மூதேவி!" என்று கத்திவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பொத்திய கையை எடுத்து
இன்னொரு முறை கத்தினாள்.
ஒரு பொடியன் கணக்கு வாத்தியாரைப்
பேர் சொல்லியே ஏசினான்.
மூன்றாவது தெங்கூ அவர்தான்
என்பது அவனுக்குத் தெரியாது.
யாரோ டீசல் விலையை,
யாரோ தன் முழங்காலை.
எல்லா வசவுக்கும் முகவரி நாங்கள்.

ஐந்தாம் கோயில் திருப்பம்,
உறைபனி வழுக்கும் படிக்கட்டு.
அங்கே இகுகோவின் குரல்.

ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் கேட்காத குரல்.

ஏப்ரலில் அவள் தங்கை தொலைபேசினாள்,
பதினோரு வருடம் பேச்சறுந்திருந்த தங்கை:
"நாளை மித்தோ நிலையத்தில் ரயில் மாறுகிறேன்.
இரண்டு மணி நேரம் இருப்பேன்.
அக்காவை வரச் சொல்லுங்கள்."
மீட்டர்ச் சீட்டின் பின்னால் குறித்தேன்.
சட்டைப் பையில் வைத்தேன்.
சட்டையைத் துவைக்கப் போட்டேன்.
காகிதக் கூழை எடுத்தவள் இகுகோ.
'மித்தோ' மட்டும் கரையாமல் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம்
குளிர்பெட்டிக் கதவில்:
சோறு இருக்கிறது.
மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

முகமூடி ஊருக்குத்தான்.
இடதுகாலை இழுத்து வைக்கும் நடையை
அவளிடம் எதைக் கொண்டு மறைப்பது?

"இரண்டு மணி நேரம்!" என்றாள்.
"இரண்டு மணி நேரம் அந்த நடைமேடையில்!
சீட்டைத் தின்றிருந்தாலாவது
செரித்துத் தொலைத்தாய் என்றிருப்பேனே!"
நல்ல வசவு என்று
சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கூடவே ஏறினாள்.
ஆறாம் கோயிலில் என் குறட்டை.
ஏழில், உப்புப் பார்க்காமலே
நான் ஊற்றிக்கொள்ளும் சோயா.
எட்டில் மூச்சு வாங்கியது, விடவில்லை.
ஒன்பதில் குரல் தாழ்ந்து:
"இன்னும் ஒரு மன்னிப்பு வரவில்லையே, மரமே."

நாற்பது வாசலில் உதிர்க்கிற சொல்,
ஒரு வாசலில் மட்டும் உதிராத சொல்,
முகமூடிக்குள் முட்டிக்கொண்டு வந்தது.
சடங்கு உதட்டைத் தைத்திருந்தது.
மூச்சு மட்டும் உள்ளே ஈரமாகி
தாடை வழியே சொட்டியது.

படையலைப் பறிப்பவர்க்கு அதிர்ஷ்டம் என்பார்கள்.
பறிக்க விடாமல் மூங்கில் கழியால் தடுப்பது எங்கள் வேலை.
பதினோராம் கோயிலில்
என் கழி கொஞ்சம் தாமதித்தது.
அரிசிப் பணியாரத்தோடு ஒரு கை
கூட்டத்தில் மறைந்தது.

எல்லாம் முடிந்து, முகமூடியை ஒப்படைத்து,
கீழே வாகன நிறுத்தத்துக்கு வந்தேன்.
எங்கள் சின்ன லாரி உறுமிக்கொண்டிருந்தது.
முன்கண்ணாடியடியில் பணியாரம்,
ஒரு கடி குறைந்து.

திருவிழா முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.
"ஏறு, மடையா" என்றாள்.

ஏறினேன்.
"ம..." என்று தொடங்கினேன்.

"கதவைச் சாத்து. குளிர்கிறது."

சாத்தினேன்.